2012 கேயென் எஸ், 2013 கேயென் டீசல்: எதை எடுக்கலாம், எதையெல்லாம் பிரிச்சுப் பாக்கணும்?

கொருக்குப்பேட்டைக்காரன் (கேள்வி)

வணக்கம் அண்ணன்மார்களே. ரெண்டு போர்ஷே கேயென் கைக்கு எட்டுற விலையில வந்திருக்கு. இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல.

முதல் வண்டி கேயென் எஸ், 2012, 4.8 லிட்டர் வி8 பெட்ரோல், 86,000 கி.மீ., தமிழ்நாடு பதிவு, மூணாவது ஓனர். ஏர் சஸ்பென்ஷன், 20 இன்ச் வீல். ரெண்டாவது கேயென் டீசல், 2013, 3.0 வி6, 1,12,000 கி.மீ., டெல்லி பதிவு. விலை முதல் வண்டியை விட நாலு லட்சம் கம்மி.

என் ஓட்டம்: தினமும் தண்டையார்பேட்டை டூ மணலி, போக வர சுமார் 20 கி.மீ. கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ஊர்ந்துதான் போகணும். மாசம் ஒரு தடவை நெல்லூர் இல்லன்னா திருப்பதி. வண்டி தெருவுலதான் நிக்கும், ஷெட் கிடையாது. பெரிய மழைன்னா தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும்.

ரெண்டு பேரும் "கண்டிஷன் சூப்பர்"னு சொல்றாங்க. எந்த இடத்துல என்ன போகும், அதை வாங்குறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? வேலை தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

ஸ்பேனர்_ராயபுரம்

தம்பி, ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, பாடி ஒண்ணு. ஆனா இன்ஜின் வேற, நாலு சக்கரத்துக்கு சக்தி போற வழியும் வேற. அதனால ரெண்டுக்கும் ஒரே லிஸ்ட் வெச்சுப் பாக்காதீங்க. நான் வி8 இன்ஜினைப் பத்தி மட்டும் சொல்றேன், மத்ததை மத்தவங்க சொல்லட்டும்.

முதல்ல வண்டிக்காரர்கிட்ட ஒரே ஒரு நிபந்தனை போடுங்க: "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது." காலையில ஆறு மணிக்குப் போங்க. போனதும் பானெட் மேல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா பேச்சே வேண்டாம், இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க. இந்த இன்ஜின் சொல்ல வேண்டிய பாதி விஷயத்தை முதல் முப்பது செகண்டுலயே சொல்லிடும். சூடாக்கி வெச்சிருந்தா அது கேக்காது.

ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு செகண்டு கரகரன்னு செயின் சத்தம் வந்து ஆயில் பிரஷர் ஏறினதும் அடங்கினா பெரிசா பயப்பட வேண்டாம். அடங்காம தொடர்ந்தாலோ, சூடான பிறகும் ஐடிலிங்ல டிக் டிக்னு ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் கேட்டாலோ நின்னு யோசிக்கணும். இந்த பிளாக்குல இரும்பு ஸ்லீவ் கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்துலேயே சிலிண்டர் சுவர். அதுல கீறல் விழுந்தா பிஸ்டன் ஆடி சத்தம் வரும், ஆயில் குடிக்கும், அந்தப் பக்கத்து சைலன்சர் வாய் மட்டும் கறுப்பா இருக்கும். குளிர் நாடுகள்ல இது அதிகம், ஏன்னா குளிர்ல பெட்ரோல் கூடுதலாப் போய் சுவத்துல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிடும். சென்னை சூட்டுல வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் பாக்காம விடாதீங்க, இன்ஜின் போனா அந்தச் செலவு வண்டி விலையையே தொட்டுடும்.

பாக்குற விதம்: எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, அந்த ஓட்டை வழியா போரோஸ்கோப்னு சொல்ற மெல்லிய கேமரா விடணும். முனை வளைஞ்சு பக்கவாட்டைப் பாக்குற கேமராவா இருக்கணும், நேராப் பாக்குறது பிஸ்டன் தலையைத்தான் காட்டும். பிஸ்டன் கீழ போனதும் சுவத்துல மேலேர்ந்து கீழா நீளமா, விரல் அகலத்துக்குக் கறுத்த பட்டை தெரிஞ்சா அதுதான் கீறல். முடி மாதிரி ஒண்ணு ரெண்டு மெல்லிய கோடு இருந்தா அது இல்ல. கழட்டின பிளக்கை சிலிண்டர் வரிசையில ஒரு அட்டையில குத்தி வெச்சு போட்டோ எடுங்க. எட்டுல ஒண்ணு மட்டும் ஆயில் ஈரமா இருந்தா அந்த சிலிண்டரை ரெண்டாவது தடவை பாருங்க. கையோட பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற எட்டு காயிலையும் பாத்துடுங்க, ரப்பர் மூடி பக்கம் மயிரிழை வெடிப்பு வரும். வெடிச்சா மழை நாள்ல மிஸ் ஃபயர்.

அடுத்தது கூலன்ட். 4.8-ல சில குழாய் மூட்டுகள் அலுமினியத்துல பசை வெச்சு ஒட்டினவை. தெர்மோஸ்டாட் பக்கமும் இருக்கு, இன்ஜினுக்குப் பின்னாடி ஃபயர்வால் ஓரமும் இருக்கு. பத்து வருஷச் சூட்டுக்கு அந்தப் பசை விட்டுடும். மெதுவாக் கசிஞ்சா இனிப்பா ஒரு வாசனை, காய்ஞ்ச இடத்துல ரோஸ் கலர் உப்பு. ஹைவேல ஒரேடியாக் கழண்டா மொத்த கூலன்டும் ரோட்டுல. முன்பக்கத்தை சரி பண்றது ஒரு நாள் வேலை. பின்பக்கம் கை போகாது, கியர்பாக்ஸ் வரைக்கும் கை வைக்க வேண்டி வரும், கூலியே பெருசு. திரும்ப ஒட்ட விடாதீங்க. ஓட்டை போட்டு ஸ்க்ரூ பூட்டறதோ வெல்ட் வைக்கிறதோதான் நிக்கும். வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்ன ஓட்டையில ரோஸ் படிவு இருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

கூலன்ட் டப்பாவைத் திறந்தா ரோஸ் நிறம்தான் இருக்கணும். பச்சையா, துரு கலரா இருந்தா யாரோ கிடைச்சதை ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். மத்த வேலையையும் அப்படித்தான் பண்ணியிருப்பாங்க.

கடைசியா ஒண்ணு. இந்த 4.8 இன்ஜின்ல ஆரம்ப வருஷங்கள்ல வந்த சிலதுல கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் போல்ட் தளர்ற பிரச்சனைக்காக கம்பெனி திரும்ப அழைச்சு மாத்திக் கொடுத்தது. 2016-ல 2011 முதல் 2016 வரைக்கும் செஞ்ச கேயென்களை பெடல் அச்சுல இருக்கிற சர்க்ளிப்புக்காகவும் அழைச்சாங்க. சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா ரெண்டும் முடிஞ்சிருக்கான்னு சொல்லிடுவாங்க. நம்பர் டபிள்யூபி1-ல ஆரம்பிக்கும், பத்தாவது எழுத்து மாடல் வருஷம்: பி-ன்னா 2011, சி-ன்னா 2012, டி-ன்னா 2013. ஆர்சி-யில 2012-னு இருக்கிற வண்டி 2011 மாடலா இருக்கலாம், அப்போ விலையும் மாறும்.

---

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

இன்ஜினை அண்ணன் முடிச்சுட்டாரு. எனக்குக் கேட்டா, கேயென் எஸ்-ல முதல்ல பாக்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி. பெட்ரோல் எஸ்-ல உள்ள கிளட்ச் தட்டுகள் இருக்கு, மோட்டார் அதை இறுக்கித் தளர்த்தும். உள்ள இருக்கிற எண்ணெய் கெட்டுப் போனா தட்டு ஒட்டி ஒட்டி விடும். அப்போ வண்டி பின்னாலேர்ந்து யாரோ தோளைத் தட்டின மாதிரி குலுங்கும்.

எப்படிச் சோதிக்கிறது? வண்டி நல்லா சூடான பிறகு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை மாதிரி ஒரு ரோட்டுல 30 கி.மீ. வேகத்துலேர்ந்து 60 வரைக்கும் ஆக்ஸிலேட்டரை மெதுவா, முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிச்சுப் போங்க. ஓங்கி மிதிச்சா தெரியாது. அந்த லேசான இழுவையிலதான் குலுங்கும். அடுத்து காலி மைதானத்துல ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, நடந்து போற வேகத்துல எட்டு போடுங்க. கட்டிப் பிடிச்ச மாதிரி விட்டு விட்டு நகர்ந்தா அதே சந்தேகம்.

நிறைய பேர் இதை கியர்பாக்ஸ் கோளாறுன்னு நெனைச்சு 8 கியர் டிப்ட்ரானிக்கைக் கழட்டிடறாங்க. அந்தப் பெட்டி நல்ல பெட்டி. முதல்ல டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை மாத்திப் பாருங்க, ஒரு லிட்டர் கூட ஆகாது. சரியான வகை எண்ணெயா இருக்கணும், கிடைச்ச கியர் ஆயிலை ஊத்துனா இருக்கிற தட்டும் போயிடும். எண்ணெய் மாத்தி, டயக்னோஸ்டிக்ஸ் கருவியில அடாப்டேஷன் (பழைய கணக்கை அழிச்சுப் புதுசாப் பழக்கி விடறது) செஞ்ச பிறகும் ரெண்டு மூணு வாரத்துல குலுங்கல் திரும்பினா பெட்டியையே மாத்தணும். அந்தத் தொகையை இப்பவே விலையில கழிச்சுக் கேளுங்க.

டயர் விஷயத்துக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், தேய்மானம் ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள வித்தியாசம். இப்படி இல்லைன்னா முன்னும் பின்னும் சுத்துற வேகம் வேறயா இருக்கும், அந்த வித்தியாசத்தை கிளட்ச் தட்டு தன் தோள்ல சுமக்கும். உங்க 20 இன்ச்சுக்கு 275/45. பக்கவாட்டுல நாலு இலக்கத் தேதி இருக்கும்: 3419-ன்னா 2019, 34-வது வாரம். ஆறு வருஷம் தாண்டின டயர் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் புது டயர் செலவுதான்.

அடுத்து புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர். ரெண்டு டன் எடை, 400 குதிரை சக்தி, நம்ம பக்கம் கன்டெய்னர் லாரி கிழிச்ச ரோடு. முன் கீழ் ஆர்ம் புஷ் முதல்ல கிழியும். ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு சக்கரத்தை மட்டும் ஏத்தி இறக்குனா "டொக்" கேக்கும். லிஃப்ட்டுல தூக்கி நீட்டுக் கம்பியை ஆர்முக்கும் சப்-ஃபிரேமுக்கும் நடுவுல வெச்சு நெம்பினா ரப்பர் வாய் பிளக்கும். முன் டயர் உள்விளிம்பு மட்டும் தேஞ்சிருந்தா இதுதான் காரணம், அலைன்மென்ட் செஞ்சு மட்டும் பயன் இல்ல.

பிரேக் டிஸ்க் ஓரத்துல குறைந்தபட்ச தடிமன் அச்சடிச்சிருக்கும், வெர்னியர் வெச்சு அளங்க. விளிம்புல நகம் மாட்டுற வரம்பு இருந்தா டிஸ்க்கும் பேடும் சேத்துதான் செலவு. காலிப்பர் மஞ்சள் நிறமா இருந்தா செராமிக் டிஸ்க், அந்த விலை வேற உலகம். எஸ்-க்கு வெள்ளி நிறம்தான் வழக்கம்.

---

வியாசர்பாடி_வாட்டர்லைன்

தெருவுல முழங்கால் தண்ணின்னு எழுதியிருக்கீங்க, அதனால இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சென்னையில பழைய சொகுசு வண்டி எது வாங்கினாலும் ரெண்டு தேதியை மனசுல வெச்சுக்கணும்: 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். அந்த ரெண்டு நாள்லயும் இந்த வண்டி எங்க நின்னுச்சு? தமிழ்நாடு பதிவுன்னா இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். பெரம்பூர், கொளத்தூர், புளியந்தோப்பு, மணலி எல்லாம் எப்படிக் கிடந்துச்சுன்னு நம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். 2023-ல எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு. எண்ணெய்த் தண்ணியில மூழ்கின ஒயரிங் ரப்பர் ஊதிப்போய் மெத்துனு இருக்கும்.

கேயென்ல பேட்டரி பானெட்டுக்குள்ள இல்ல, முன் சீட்டுக்கு அடியில தரையில இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே, கார்பெட்டுக்கு அடியில ஒயரிங் கட்டும் சில கன்ட்ரோல் பெட்டிகளும். அதனால கால் வைக்கிற இடத்துல ஆறு இன்ச் தண்ணி நின்னாலே வண்டிக்கு மூளைக்காய்ச்சல் வந்த மாதிரிதான். காஞ்ச பிறகு ஓடும். ஆறு மாசம் கழிச்சுதான் ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும்: சீட் நகராது, ஏர் சஸ்பென்ஷன் எர்ரர், பின் கதவு தானாத் திறக்கும், ராத்திரியில பேட்டரி காலி.

தரை மேட்டைத் தூக்கிப் பாத்துட்டு "காஞ்சிருக்கு"ன்னு வந்துடாதீங்க. கார்பெட் மேல காய்ஞ்சிருக்கும், அடியில ஒட்டியிருக்கிற தடிமனான ஸ்பாஞ்சு மாசக் கணக்குல ஈரம் வெச்சிருக்கும். கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்து, கையை அடியில விட்டு ஸ்பாஞ்சைப் பிழியுங்க. சீட் பெல்ட்டை முழுசா, கடைசி அங்குலம் வரைக்கும் இழுங்க. முதல் பாதியை ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பாங்க, சுருட்டுக்குள்ள இருக்கிற கடைசி பாகத்துல சேத்துக் கோடு அப்படியே நிக்கும். சீட் தண்டவாளத்து போல்ட் தலையில துரு, ஸ்டெப்னி குழியில மெல்லிய மண், ஹெட்லைட் உள்பக்கம் படுக்கைக் கோடு, ஏர் ஃபில்டர் பெட்டி அடியில வண்டல். இதுல ரெண்டு இருந்தா போதும், திரும்பிடலாம்.

ஒரு கனெக்டரை நீங்களே கழட்டிப் பாருங்க. பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய பிளக். அதுக்குள்ள இருக்கிற உலோக முள் (பின்) எல்லாம் பளபளன்னு இருக்கணும். பச்சைப் பாசி பூத்திருந்தா முடிஞ்சது. காசிமேடு, திருவொற்றியூர் கடல் காத்துலயும் வெளியில இருக்கிற முள் லேசாப் பச்சை பூக்கும், அது வேற. கார்பெட்டுக்கு அடியில பூக்கக் கூடாது.

இன்ஜின் தண்ணி குடிச்சு கனெக்டிங் ராட் வளைஞ்சு, அப்படியே ஓடுற வண்டியும் உண்டு. போரோஸ்கோப்புல சுவர் சுத்தமாத்தான் தெரியும். கம்ப்ரஷன் அளந்தா ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக் காட்டும், ஏன்னா ராட் குட்டையாகி பிஸ்டன் முழு உயரம் ஏறாது. எட்டையும் அளங்க, ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ஏன்னு கண்டுபிடிக்காம காசு கொடுக்காதீங்க.

வெள்ளமே படாத வண்டிக்குள்ளயும் தண்ணி வரும். கண்ணாடிக்குக் கீழ வைப்பர் இருக்கிற பள்ளத்துல இலை சேந்தா வடிகால் அடைக்கும். வேப்ப மரத்தடியில நிக்கிற வண்டிக்கு இது நிச்சயம். சன்ரூஃப் மூலைக் குழாயும் அப்படித்தான். ஒவ்வொரு மூலையிலயும் ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல, வண்டிக்கு அடியில சொட்டணும். சொட்டாம மேலயே தேங்கினா அது உள்ளதான் இறங்கப் போகுது. கம்பி விட்டுக் குத்தாதீங்க, குழாய் உள்ளுக்குள்ள கழண்டுக்கும். மெல்லிய நைலான் நரம்பு விடுங்க, இல்லன்னா குறைஞ்ச அழுத்தத்துல காத்து அடிங்க.

வாங்கின பிறகு ஒரு வேண்டுகோள். கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா இந்த வண்டியை இறக்காதீங்க. சஸ்பென்ஷனை உயர்த்தி வெச்சாலும் சரி. புத்தகத்துல போட்டிருக்கிற ஆழம் நிக்கிற தண்ணிக்கு. எதிர்ல லாரி வந்து தள்ளுற அலைக்கு இல்ல.

---

மாதவரம்_டர்போ

டீசல் வண்டியை யாரும் தொடல, நான் சொல்றேன்.

நல்ல பக்கம் முதல்ல: மேல சொன்ன டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் கோளாறு டீசலுக்குக் கிடையாது. அதுல நடு டிஃபரென்ஷியல் தானா பூட்டிக்கிற இயந்திர வகை, மோட்டாரும் தட்டும் இல்ல. இன்ஜின் ஆடி குடும்பத்து வி6, இழுவையும் பிரமாதம்.

ஆனா உங்க ஓட்டத்துக்கு இது சரிப்படாது. புகையில இருக்கிற கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர், கரியை எரிச்சுத் தன்னைச் சுத்தம் பண்ணிக்க சீரான வேகத்துல பதினஞ்சு இருபது நிமிஷ ஓட்டம் வேணும். தண்டையார்பேட்டை டூ மணலி ஊர்வலத்துல அது நடக்காது. பாதியிலயே நின்னு நின்னு போனா, எரிக்க ஊத்தின டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும், ஆயில் நீர்த்துப் போகும். டர்போ பேரிங்குக்கும் டைமிங் செயினுக்கும் அங்கதான் கேடு ஆரம்பம். அந்த செயின் கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கு. மாத்தணும்னா இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும்.

"ஃபில்டரை எடுத்துட்டோம் சார், தொல்லையே இல்ல"ன்னு யாராவது பெருமையாச் சொன்னா வண்டியைத் தொடாதீங்க. உள்கூட்டை உடைச்சுட்டு சாஃப்ட்வேரை ஏமாத்தின வண்டி அது. சைலன்சர் வாய்க்குள்ள வெள்ளைத் துணி சுத்தின விரலை விட்டுத் துடைங்க. ஃபில்டர் உயிரோட இருந்தா துணி கிட்டத்தட்ட சுத்தமா வரும். மை மாதிரி கறுத்தா ஃபில்டர் இல்ல, இல்லன்னா வெடிச்சிருக்கு.

இன்னும் மூணு இடம். இன்ஜினுக்குத் திரும்பிப் போற புகையைக் குளிர வைக்கிற இஜிஆர் கூலர் உள்ளுக்குள்ள கசிஞ்சா கூலன்ட் குறையும், ஆனா தரையில ஒரு சொட்டு கூட விழாது. காத்து உள்ள போற வழியில மூடியைத் திருப்புற இன்டேக் ஃப்ளாப் மோட்டார் கரி பிடிச்சு நின்னா இன்ஜின் லைட் எரியும், மேனிஃபோல்டோட மாத்த வேண்டி வரலாம். மூணாவது ஹை பிரஷர் பம்ப், பாஷ் சிபி4 வகை. இதுக்கு உயவே டீசல்தான். டீசல்ல தண்ணி கலந்தா உள்ள இரும்பு தேஞ்சு, அந்தப் பொடி இன்ஜெக்டர் வரைக்கும் பரவும். அப்போ பம்பு, டீசல் போற ரெயில் குழாய், ஆறு இன்ஜெக்டர், டேங்க் சுத்தம் எல்லாம் ஒரே பில்லுல வரும். வாங்குறதுக்கு முன்னாடி டீசல் ஃபில்டரைக் கழட்டி, உள்ள இருக்கிற டீசலை வெள்ளைப் பீங்கான் தட்டுல ஊத்தி வெயில்ல காட்டுங்க. மினுமினுன்னு வெள்ளித்தூள் தெரிஞ்சா நடையைக் கட்டுங்க.

நாலு லட்சம் ஏன் கம்மின்னா, டெல்லியில பத்து வருஷம் தாண்டின டீசலுக்குத் தடை போட்ட பிறகு அந்த வண்டிங்க தெற்கே இறங்க ஆரம்பிச்சது. என்ஓசி, லோன் முடிஞ்ச ஃபார்ம் 35, இங்க மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேத்தா அந்த நாலு லட்சத்துல பெரும்பகுதி கரைஞ்சிடும்.

---

கொருக்குப்பேட்டைக்காரன்

ரொம்ப நன்றி. டீசலை விட்டுட்டேன். எஸ்-ஐ நேத்து சாயந்திரமும் இன்னிக்குக் காலையும் பாத்தேன். எடுத்த அளவுகள்:

ஏர் சஸ்பென்ஷனை உயர நிலையில வெச்சு, சமதரையில நிறுத்தி, சக்கர மையத்துலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்தேன். 14 மணி நேரம் கழிச்சு முன் இடது 22 மி.மீ. இறங்கியிருக்கு. முன் வலது 4, பின் ரெண்டும் 3.

டயர் முன்னாடி ரெண்டும் ஒரே பிராண்டு, 4 மி.மீ. பின்னாடி வேற பிராண்டு, 7 மி.மீ.

30-லேர்ந்து 60 மெதுவாப் போனப்போ 45 வாக்குல மூணு தடவை குலுங்கிச்சு. ஓனர் "டயர் தேஞ்சதாலதான்"னு சொல்றாரு.

குளிர் ஸ்டார்ட்டுல சத்தம் ஒரு செகண்டுதான். பானெட் சில்லுனு இருந்துச்சு. தெர்மோஸ்டாட் பக்கம் ரோஸ் உப்பு கொஞ்சம் இருக்கு. கார்பெட், பெல்ட் எல்லாம் சுத்தம். ஸ்கேன்ல கோளாறு ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு மானிட்டர் "முடியலை"ன்னு காட்டுது. அது என்ன?

---

ஸ்பேனர்_ராயபுரம்

மானிட்டர் முடியலைன்னா, சமீபத்துல யாரோ கோளாறுப் பதிவை அழிச்சிருக்காங்க, இல்லன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிக்க இன்னும் ஓட்டம் போதல. "150 கி.மீ. நீங்களே ஓட்டுங்க, அடுத்த வாரம் திரும்ப ஸ்கேன் பண்றேன்"னு சொல்லுங்க. அதுக்கு ஓனர் தயங்கினா அழிச்சது அவர்தான்.

அடுத்த தடவை இன்ஜின் மட்டும் படிக்கிற சின்ன ஓபிடி கருவி வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாத்தையும் படிக்கிற போர்ஷே கருவி, இல்லன்னா டியூராமெட்ரிக் வெச்சிருக்கிற கடைக்குப் போங்க. ரோஸ் உப்பு இருக்கிற இடத்துல கூலன்ட் பிரஷர் டெஸ்டர் போட்டு அரை மணி நேரம் விடுங்க, முள் இறங்கக் கூடாது. முன்பக்கக் குழாய்னா பயமில்ல. முள் இறங்குது ஆனா முன்னாடி ஈரம் இல்லன்னா பின்பக்கம்.

---

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

4-க்கும் 7-க்கும் மூணு மில்லிமீட்டர், வேற பிராண்டு வேற. ஓனர் சொல்றதுல பாதி உண்மை. டயர் தேஞ்சது குலுங்கலை ஆரம்பிச்சு வெச்சிருக்கலாம், ஆனா இப்ப குலுங்கறது கிளட்ச் தட்டு. நாலு டயரும் மாத்தினா மட்டும் போகாது. நாலு டயர், எண்ணெய், அடாப்டேஷன், இது மூணும் நிச்சயச் செலவு. பெட்டி மாத்துறது இருக்கலாம் செலவு. பேரம் பேசும்போது நிச்சயத்தை முழுசாவும் இருக்கலாம்-ஐ பாதியாவும் கழிங்க, நியாயமாவும் இருக்கும்.

முன் இடது 22 மி.மீ. இறங்கினதுக்குக் காரணம் அந்தப் பக்கத்து ஸ்ட்ரட்தான், காத்து அடைச்ச சஸ்பென்ஷன் தூண். ராத்திரி காத்து குளிர்ந்து நாலும் சமமா கொஞ்சம் இறங்குறது இயல்பு. முன் ரெண்டும் ஒண்ணா இறங்கியிருந்தா காத்தைப் பிரிச்சு விடுற வால்வு பிளாக்னு சொல்லலாம். சோப்புத் தண்ணியை ஸ்ட்ரட் ரப்பர் மடிப்புல, மேல குழாய் சேர்ற முனையில அடிங்க. முனையில குமிழி வந்தா சில நூறு ரூபாய் வேலை. மடிப்புல வந்தா ஸ்ட்ரட், ஒரிஜினல் விலை லட்சத்தைத் தாண்டும். அந்த ஒண்ணு கசியுதுன்னா கம்ப்ரஸர் இத்தனை நாளும் அதுக்கு ஈடு கொடுத்து ஓடியிருக்கு. அடி நிலையிலேர்ந்து உயர நிலைக்கு எத்தனை செகண்டு ஆகுதுன்னு பாருங்க, இழுத்து இழுத்து ஏறினா கம்ப்ரஸரும் களைச்சுப் போச்சு. ஸ்ட்ரட் மாத்தும்போது கம்ப்ரஸர் ரிலேயையும் மாத்திடுங்க. விலை குறைவு. ஒட்டிக்கிட்டா கம்ப்ரஸர் நிக்காம ஓடி எரியும்.

லிஃப்ட்டுல தூக்குறதுக்கு முன்னாடி, ஏர் சஸ்பென்ஷன் உயரத்தைத் தானா சரி பண்ற லெவலிங்கை அணைக்கச் சொல்லுங்க. மறந்துட்டா சக்கரம் தொங்கும்போது சிஸ்டம் குழம்பிடும்.

---

பேசின்பிரிட்ஜ்_பி8

இடையில ஒரு கேள்வி. இவ்வளவு செலவுன்னா பழைய 2005 கேயென் எஸ் பாதி விலைக்கும் கீழ கிடைக்குதே, அது நல்ல வழி இல்லையா?

---

ஸ்பேனர்_ராயபுரம்

வேண்டாம்பா. அந்த 4.5 வி8-ல கூலன்ட் குழாய் பிளாஸ்டிக், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில வி பள்ளத்துல ஓடும். சூட்டுல பிஸ்கெட் மாதிரி நொறுங்கும், அங்கேயே இருக்கிற ஸ்டார்ட்டர் மோட்டார் மேல கொட்டும். அலுமினியக் குழாய் போட்ட வண்டியான்னு பில்லோட காட்டினாத்தான் பேச்சு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நடு பேரிங் ரப்பரும் கிழியும், 20 கி.மீ. வேகத்துல தரைக்கு அடியில பறை அடிக்கிற மாதிரி கேக்கும். அதுக்கு மேல 15 வருஷம் தாண்டின பதிவு, புதுப்பிக்கிற தொல்லை.

அதைச் சொன்னதும் ஞாபகம் வருது, கேள்வி கேட்ட தம்பிக்கும் இது பொருந்தும். 2012 பதிவு 2027-ல முடியும். ஃபிட்னெஸ் காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. ஆர்சி-யில முடியிற தேதியைப் பாத்து அதையும் விலையில பேசுங்க.

---

கொருக்குப்பேட்டைக்காரன்

சோப்புத் தண்ணி அடிச்சாச்சு. குமிழி மடிப்புல வருது, மேல் முனை சுத்தம். அடியிலேர்ந்து உயரத்துக்கு ஏற ரொம்ப நேரம் எடுத்து, பாதியில ஒரு தடவை நின்னுச்சு. பிரஷர் டெஸ்டர்ல அரை மணியில முள் அசையல. 150 கி.மீ. ஓட்ட ஓனர் ஒத்துக்கிட்டாரு.

ஸ்ட்ரட் ஒரு பக்கம் மட்டும் போடலாமா, ரெண்டும் சேத்தா? புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றாரு.

---

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

முன் ரெண்டும் சேத்துப் போடுங்க. ஒரே நாள்ல பொறந்த ரப்பர், வலதும் அடுத்த கோடையைத் தாண்டாது. கம்ப்ரஸரும் சேத்து. புதுப்பேட்டையில கண்ணாடி, கதவு, சீட், டிஸ்க் தாராளமா எடுங்க. ஆனா ரப்பர் சாமானைப் பழசா வாங்காதீங்க, அதோட வயசும் உங்க வண்டி வயசுதான். அளவைக் குறிச்சு வெச்சிருக்கீங்க இல்ல, அதை அப்படியே ஓனர்கிட்ட காட்டி, ரெண்டு ஸ்ட்ரட், கம்ப்ரஸர், நாலு டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் இத்தனைக்கும் எழுத்துல கொட்டேஷன் வாங்கிக்கிட்டுப் போய் உக்காருங்க. ஸ்கேன் ரெண்டாவது தடவை சுத்தமா வந்த பிறகு, பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து. அதுக்கு முன்னாடி ஒரு ரூபாய் டோக்கன் கூட வேண்டாம்.